இரண்டு கட்டத்திலும் டிக்

ஒரே தாளில் இரண்டு கட்டத்திலும் டிக் போட்ட ஆளை எந்த ஊருக்கு அனுப்புவார்கள்?

1993ஆம் வருடம் மே மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், பக்கத்து வீட்டு வடிவு அக்கா ஒரு தாளை என் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்ட கேள்வி இது. நான் அப்போதுதான் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தேன். தாளில் இருந்த இங்கிலீஷைப் படிக்க முடிந்தது. கேள்விக்குத்தான் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர்கள் வீட்டுச் சோறு அந்தத் தாளில் இருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. மற்றதெல்லாம் பிறகு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கமாகச் சொல்லக் கேட்டது.

அக்காவின் வீட்டுக்காரர் கஜபதி. அம்பத்தூர் எஸ்டேட்டில், பம்புக்கு வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். பன்னிரண்டு வருடமாக ஒரே மெஷின், ஏழாம் நம்பர். பருத்திப்பட்டிலிருந்து ஆவடி ஸ்டேஷன் வரைக்கும் சைக்கிள், அங்கிருந்து பட்டரவாக்கத்துக்கு ரயில். போவதும் வருவதும் அவ்வளவுதான்.

முப்பத்தைந்து வயது வரைக்கும் கஜபதி தானாக எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு உழுதவர். வீட்டிலிருந்து முதல் ஆளாக ஐ.டி.ஐ.க்குப் போன கஜபதியிடம் டர்னரா ஃபிட்டரா என்று கேட்டபோது, வரிசையில் முன்னால் நின்றவன் டர்னர் என்றதால் இவரும் டர்னர் என்றார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, “உனக்குச் சரின்னா எனக்கும் சரி” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு பஜ்ஜித் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். வடிவு அக்கா அந்த பஜ்ஜியை இன்னும் மறக்கவில்லை.

அப்படிப்பட்டவரிடம் கம்பெனி ஒரு தாளைக் கொடுத்தது. அம்பத்தூர் ஷெட்டை மூடுகிறோம், வேலை வேண்டுமென்றால் பெங்களூருக்கோ புனேவுக்கோ போகலாம் என்று அதில் எழுதியிருந்தது. மேல் கட்டம் பெங்களூர், கீழ்க் கட்டம் புனே. பத்து நாளைக்குள், அதாவது அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள், ஒரு கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தோடு தர வேண்டும். தராதவர்களுக்கு இரண்டு ஊரிலும் வேலை இல்லை.

கஜபதி முதலில் ஜெயராமனைக் கேட்டார். ஜெயராமன் அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தார். பெங்களூர் ரோட்டில் இருக்கும் குமணன்சாவடிக்காரர்.

“எனக்கு இன்னா மாமே யோசன? எங்க ஊட்டாண்ட நின்னு கை காட்டுனா பெங்களூர் பஸ்ஸு. கண்ண மூடிகினு மேல் கட்டத்துல போட்டேன்.”

“அங்க நிக்குமா?”

“பூந்தமல்லில நிக்கும். அதுக்கின்னா, கொஞ்சம் நடந்தா போச்சு.”

“பூனால குவார்ட்டர்ஸ் தராங்களாமே?”

“தருவான். பேசறதுக்குச் செவுரு இருக்கும். நீ தமிழ்ல ஒரு வார்த்த பேசறதுக்கே ஒம்போது தபா எச்சி முழுங்குவ. இந்தில எத்தினி தபா முழுங்குவ, சொல்லு?”

அன்றைக்கு கஜபதி பெங்களூர் என்று முடிவு செய்தார். மறுநாள் ரயிலில் யாரோ ஒருவர், பெங்களூரில் வாடகை கொடுத்தே ஆள் இளைத்துவிடுவான் என்று வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுவிட்டு புனே என்று முடிவு செய்தார். அதற்குப் பிறகு கணக்கே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் சாம்பாருக்குப் பெங்களூர், ரசத்துக்குப் புனே, மோருக்கு வரும்போது எங்கேயும் போகாமல் இருந்துவிட்டால் என்ன என்று தோன்றும். கை கழுவினால் மறுபடியும் முதலிலிருந்து.

வடிவு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “ஒண்ண சொல்லித் தொலையேன்யா. எந்த ஊரானா இன்னா, கொழாவுல தண்ணி வந்தா எனக்குப் போதும்.”

“நீ சொல்லேன்.”

“நான் சொல்லி, நாளைக்கு எதுனா ஆச்சுன்னா ‘எல்லாம் உன்னாலதான்’னு சொல்றதுக்கா? அந்த வேலையே வாணாம்.”

“நான் சொன்னா மட்டும் நீ அத சொல்ல மாட்டியா?”

“சொல்லுவேன். சொல்லாம இன்னா?”

இப்படியே ஒன்பது நாள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் ஏரிக்கரை அம்மன் கோயிலுக்குப் போனார்கள். பூப் போட்டுப் பார்ப்பதற்கு.

எங்கள் பக்கத்தில் கல்யாணம், நிலம், ஆபரேஷன் என்று எதில் மனசு நிற்காவிட்டாலும் இதைத்தான் செய்வார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அதுதான் உத்தரவு.

பூசாரி கோவிந்தன் வெள்ளை நந்தியாவட்டையை முதலில் மடித்தார். பிறகு செவ்வரளி.

“ரெண்டு பேரும் மனசுல நெனச்சிக்கோங்க. எந்தப் பூவு எதுக்குன்னு வாயத் தொறக்கக் கூடாது. பூவு வந்தப்பறமும் விடியிற வரைக்கும் அதப் பத்திப் பேசக் கூடாது. பேசுனா பலிக்காது.”

இருவரும் கண்ணை மூடினார்கள். வாசலில் பூ விற்கும் முனியம்மாவைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார் பூசாரி. முனியம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி.

கஜபதி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்காவும் போட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது இருவர் நடையும் மாறியிருந்ததாம். ஒன்பது நாள் தலைமேல் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தது மாதிரி இருந்தது என்று கஜபதி சொன்னார். அக்கா இரண்டு முழம் மல்லி வாங்கி வைத்துக்கொண்டார். பூசாரி சொன்னபடி ஒருவரும் ஊர்ப் பெயரை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கஜபதி தாளை எடுத்து ஒரு கட்டத்தில் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டு, ரேடியோவுக்கு அடியில் வைத்தார்.

காலையில் குளித்துவிட்டு வந்து தாளை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு கட்டத்திலும் டிக் இருந்தது.

“வடிவு! இதுல யாரு கைய வச்சது?”

“நான்தான்.” அக்கா அடுப்படியிலிருந்தே சொன்னார். “நீ அவசரத்துல தப்பா கீழ் கட்டத்துல போட்டுட்ட. ரேடியோவத் தொடைக்கறப்ப பாத்தேன். நல்ல வேள, மேல போட்டுத் திருத்தி வச்சேன்.”

“நான் எங்க தப்பா போட்டேன்? பூனா கீழதான கீது?”

“பூனாவா? அம்மன் பெங்களூர்னு சொல்லிச்சே?”

“இன்னா மே சொல்ற? செவப்பு வந்துச்சா இல்லியா?”

“வந்துச்சு. செவப்புதான் பெங்களூரு.”

“செவப்பு பூனா!”

“யாரு சொன்னது?”

“நான் நெனச்சேன்!”

“நானுந்தான் நெனச்சேன்!”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் அக்கா தாளோடு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தது. தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. இரண்டு கட்டத்திலும் குறி இருந்தால், அந்தத் தொழிலாளிக்குப் போக விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளப்படும். நான் அதைத் தமிழில் சொன்னதும், அக்காவின் பின்னாலேயே வந்திருந்த கஜபதி எங்கள் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

நாலு வயது மகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு இருவரும் முதலில் கோயிலுக்குத்தான் ஓடினார்கள். இன்னொரு தடவை பூப் போடச் சொன்னார்கள். கோவிந்தன் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

“ஒரே விஷயத்துக்கு ரெண்டாவது தபா போடணும்னா ஒரு மண்டலம் ஆவணும். நாப்பத்தெட்டு நாளு.”

“பன்னெண்டு மணிக்குத் தாளு குடுக்கணும், பூசாரி!”

“அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? ஆளுக்கு ஒண்ணு கேட்டா அம்மா யாருக்குன்னு பதில் சொல்லுவா?”

அங்கிருந்து பட்டரவாக்கத்துக்கு ரயில் ஏறினார்கள். திருமுல்லைவாயல் தாண்டும்போது அக்கா மெதுவாகக் கேட்டார்: “செவப்ப ஏன் பூனாவுக்கு வச்ச?”

“பூசாரி மொதல்ல வெள்ளைய மடிச்சாரு. தாளுல மொதல்ல பெங்களூர் கீது. அதனால வெள்ள பெங்களூர்னு வச்சேன். நீ?”

“பெங்களூர் பஸ்ஸு செவப்பாதான போவும்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

கஜபதிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீடு, வேலை, மகளின் பள்ளிக்கூடம், எல்லாம் ஒரு பஸ்ஸின் நிறத்திலும் பூசாரி மடித்த வரிசையிலும் போய் நின்றிருந்தது.

ஷெட்டில் மெஷின்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு லாரி நின்றது. ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் அங்கே வரும் அக்கா, லாரிமேல் கயிறு போட்டுக் கட்டியிருந்த ஒரு மெஷினில் ஏழு என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு நின்றார். அதற்கு அவர் எட்டு வருடம் பொட்டு வைத்திருக்கிறார்.

சூப்பர்வைசர் உலகநாதன் தாளை வாங்கிப் பார்த்தார். “இன்னாபா இது? பாதி உடம்பு பெங்களூர், பாதி உடம்பு புனேவா?”

“சார்,” என்றார் அக்கா, “இவரு மெஷினு எங்க போவுது?”

“பெங்களூருக்கும்மா.”

“அப்ப பூனால இவரு எதுல வேல செய்வாரு?”

“அங்க கம்ப்யூட்டர் லேத்து. கைப்பிடி சுத்தற வேலையெல்லாம் கிடையாது. நம்பர் போட்டா அதுவே கடையும். மூணு மாசம் கத்துத் தருவாங்க. மொத நாளே எல்லாருக்கும் சொன்னேனே, இவன் சொல்லலையா?”

அக்கா கஜபதியைப் பார்த்தார். கஜபதி தரையைப் பார்த்தார்.

“தெரியும்,” என்றார். “அதான் பயம். பழைய மெஷினோட போனா அது எத்தினி நாளைக்கு? புதுசுக்குப் போயி மண்டைல ஏறலன்னா இன்னா பண்றது? ரெண்டு பக்கமும் பள்ளமா கீது.”

“இத்த பத்து நாளா எங்கிட்ட ஏன்யா சொல்லல?”

“சொன்னா நீயும் பயப்படுவ.”

“சாமிகிட்ட சொல்லத் தெரியுது. எங்கிட்ட சொல்ல வரல. நான் பாட்டுக்கும் தண்ணி வருமா, குளிருமான்னு கேட்டுகினு கீறேன்.”

உலகநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே முக்கால். “சண்டைய அப்பறம் போடுங்க. வேற தாள் கிடையாது. ஒண்ண அடிச்சிட்டு, பக்கத்துல கையெழுத்துப் போடு. நான் பாத்துக்கறேன்.”

கஜபதி பேனாவை வாங்கினார். “சார், ஏழாம் நம்பர் அங்க எத்தினி வருஷம் ஓடும்?”

“அது எனக்கு எப்படிப்பா தெரியும்? ஓடற வரைக்கும் ஓடும்.”

அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பஜ்ஜித் தட்டுக்குப் பின்னாலிருந்து அம்மாவைப் பார்த்தாரே, அதே பார்வை. அக்கா இந்தத் தடவை பிடி கொடுக்கவில்லை.

“என்னப் பாக்காத. தண்ணி, வாடகை, பாஷ, இதெல்லாம்னா என்னக் கேளு, சொல்றேன். இது உன் கை வேல. கத்துக்குவியா, மாட்டியா?”

“தெரியல.”

“தெரியலன்னா தெரியலன்னே போடு. எதுனா ஒண்ணப் போடு. எங்க போனாலும் நான் வரேன். சண்ட போட்டுகினே வரேன்.”

லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. ஏழாம் நம்பரின் கைப்பிடி, அவர் உள்ளங்கை பட்டுப் பட்டு வழுவழுவென்று ஆனது, வெயிலில் ஒரு தடவை மின்னிவிட்டுப் போனதாம். கஜபதி மேல் கட்டத்தை, பெங்களூரை, குறுக்கே அடித்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஏன் அதை அடித்தார் என்று நான் பின்னால் கேட்டேன். “லாரி போயிடுச்சு, அதான்” என்றார். அது ஒரு காரணமா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை.

திரும்பும் ரயிலில் அக்கா கேட்டார்: “பூனாவுல இன்னா பாஷ?”

“மராட்டி.”

“ஜெயராமன் இந்தின்னுச்சே?”

“இந்தியும் பேசுவாங்களாம்.”

“ரெண்டா?” என்று அக்கா இரண்டு விரலை நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

அந்த ஜூனிலேயே அவர்கள் போய்விட்டார்கள். முதல் கடிதத்தில், நம்பரை மாற்றிப் போட்டு ஒரே காலையில் பதினோரு பீஸைக் கெடுத்துவிட்டதாக கஜபதி எழுதியிருந்தார். குழாயில் தண்ணீர் வருகிறது, ஆனால் உப்பு என்று அக்கா எழுதச் சொன்ன ஒரு வரி அடியில் இருந்தது. அடுத்த வருடம், புதிதாக வந்த இரண்டு பேருக்கு அவரே சொல்லித் தருவதாக எழுதினார். அதைப் படித்துவிட்டு நான், எல்லாம் சரியாகிவிட்டது, அவர் சரியாகத்தான் டிக் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வருடங்களுக்குப் பிறகு, போன மாதம் இன்னொரு கடிதம் வந்தது. பெங்களூரில் ஏழாம் நம்பர் மெஷின் இன்னும் நன்றாக ஓடுகிறது என்று ஜெயராமன் அவருக்குத் தெரிவித்திருக்கிறார். கஜபதி எனக்கு எழுதியிருந்தார்: “அப்படின்னா நான் தப்பாப் போட்டுட்டேனா தம்பி? உனக்கு எப்படித் தோணுது?”

மூன்று தடவை பதில் எழுத உட்கார்ந்தேன். இன்னும் எழுதவில்லை. எனக்கும் இப்போது ஒரு வேலை திருச்சியிலும் ஒன்று சேலத்திலும் வருகிற மாதிரி இருக்கிறது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஆனால் வீட்டில் அம்மாவிடம் எனக்கு எது பயம் என்பதை முதலில் சொல்லிவிட்டேன். அதுவரைக்கும்தான் கஜபதியிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இப்படி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தால், அந்த வீட்டில் இருக்கும் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். பூப் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பூ எந்த ஊர் என்பதை மட்டும் கோயிலுக்குக் கிளம்பும் முன்பே, வாயைத் திறந்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளட்டும்.