ஐந்து வண்டிக்கும் ஒரே சந்தனம்

கண்ணில் படுகிற ஓட்டையை எல்லாம் அடைத்துப் பார்க்கிற புத்தி எனக்குச் சின்ன வயதிலேயே உண்டு. நாதஸ்வரக்காரர் சாப்பிடப் போயிருந்தபோது அவருடைய வாத்தியத்தைப் புளி வைத்து அடைத்திருக்கிறேன். என் மூக்கிலேயே ஒரு தடவை பொட்டுக்கடலையை அடைத்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் இடுக்கி போட்டு எடுத்தார். இவையெல்லாம் ஊருக்குத் தெரிந்த முட்டாள்தனங்கள். தருமபுரி மோட்டார் சங்கத்தின் கடைசிப் பந்தயத்தையே நான் அடைத்துவிட்டேன் என்பதுதான் தெரியாது.

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து மோட்டார் சைக்கிள், ஐந்து ஆள், புளி மண்டிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அவ்வளவுதான். ஆரம்பித்து வைத்தவர் என் தாய்மாமா. கல்யாணமான வருஷமே மாமி காய்ச்சலில் போய்விட, எங்கள் வீட்டோடு வந்து தங்கியவர் அவர். இன்னொரு பெண் பார்க்கலாம் என்று அம்மா பேச்செடுத்த வாரத்தில் பெங்களூருக்குப் போனவர், யாரோ ஒரு துரை ஓட்டித் தேய்த்த மோட்டார் சைக்கிளோடு திரும்பி வந்தார்.

"பொண்ணு பாக்கப் போடான்னா இரும்பப் பாத்துகிட்டு வந்து நிக்கறான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வண்டிச் சத்தம் கம்பவுண்டரைத் தூங்கவிடவில்லை. இரண்டே மாதத்தில் அவரும் ஒன்று வாங்கினார். வண்டி இரண்டானால் எது வேகம் என்ற கேள்வி வராமல் இருக்குமா? வந்தது. அதற்குப் பதில் தேடப் போய்ப் பந்தயம் வந்தது. பிறகு மண்டிக்காரர் மகன், பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், ரயில்வே சிக்னல்காரர் என்று ஆள் சேர்ந்தது. வருஷா வருஷம் விஜயதசமி காலையில் பென்னாகரம் சாலையில் நாலாவது மைல் கல் வரை போய்த் திரும்ப வேண்டும். முதலில் வருபவருக்கு ஒரு வெண்கலக் கோப்பை. அடுத்த வருஷம் அதைத் திருப்பித் தர வேண்டும். பார்ப்பதற்கு ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சுண்டல் விற்றவர்களுக்கு நவராத்திரி இன்னொரு நாள் நீண்டது.

ஒவ்வொரு வருஷமும் கம்பவுண்டர்தான் முதல். மாமாதான் இரண்டாவது. வண்டியில் குறை ஒன்றுமில்லை. மாமா ஆட்டைக் கண்டால் நிறுத்திவிடுவார். கம்பவுண்டரைக் கண்டால் ஆடு நின்றுவிடும்.

அப்புறம் உலகச் சண்டை வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வரப்போகிறது, டயர் பட்டாளத்துக்குத்தான் என்று பேச்சு கிளம்பியது. இதுதான் கடைசிப் பந்தயம், ஜெயிப்பவருக்கே கோப்பை சொந்தம் என்று ஐந்து பேரும் கூடி முடிவு செய்தார்கள். மாமா ஒரு மாதம் வண்டியும் கையுமாக இருந்தார். "இந்த ஒரு வாட்டி ஜெயிச்சுட்டா போதுங்க்கா" என்று அம்மாவிடம் சொன்னார். எதையும் வேண்டும் என்று கேட்காத மனிதர். அம்மா இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

பந்தயத்துக்கு முதல் நாள் ஆயுத பூஜை. ஐந்து வண்டிக்கும் கழுத்து வரை பெட்ரோல் ஊற்றி, துடைத்து, கொட்டகையில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அம்மா என் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்து, "எல்லா வண்டிக்கும் பொட்டு வெச்சுட்டு வா" என்றாள். நானும் விளக்குக்கு, கைப்பிடிக்கு, சக்கரத்துக்கு என்று வைத்துக்கொண்டே வந்தேன். பெட்ரோல் டாங்கி மூடியின் நட்டநடுவில் ஒரு பொடி ஓட்டை இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே இடம் குறித்து விட்டாற்போல இருந்தது. விடுவேனா? கட்டைவிரலால் அழுத்தி நிரப்பி, மேலே குங்குமம் வைத்து, ஓர் அட்சதையையும் ஒட்டினேன். மாமா வண்டிக்கு மட்டும் வைத்தால் ஓரவஞ்சனை ஆகிவிடுமே என்று ஐந்துக்கும் வைத்தேன். பூஜை போட்ட பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். ராத்திரியெல்லாம் அது காய்ந்து காரையாகிவிட்டது.

அந்த ஓட்டை வழியாகத்தான் டாங்கிக்குள் காற்று போகும், காற்று போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது என்பது எனக்கெப்படித் தெரியும்?

காலையில் ஐந்தும் உறுமிக்கொண்டு கிளம்பின. நான் குறுக்கு வழியாகச் சோளக் காட்டுக்குள் ஓடி முதல் மைல் கல்லுக்கு வந்தேன். அங்கே பார்த்தால் கம்பவுண்டர் வண்டி நின்றுவிட்டிருந்தது. அதைத் தாண்டி வந்த மாமா வண்டியும் இருமி நின்றிருந்தது. பின்னாலேயே மற்ற மூன்றும். அரைப் பர்லாங்குக்குள் ஐந்து பேரும் உட்கார்ந்து பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்தார். "ஏனுங்க கம்பவுண்டரே, அஞ்சுக்கும் ஒண்ணா பேதி கண்டுருச்சாட்டம் இருக்குது. உங்க மிக்சர்ல ஆளுக்கொரு வாய் ஊத்தறதுதானுங்க?"

கம்பவுண்டர் ஊசி போடுகிறவர் முகத்தோடு அவரைப் பார்த்தார்.

மாமா மட்டும் பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்கி மூடியைத் திருகினார். புஸ் என்று காற்று உள்ளே போயிற்று. மூடியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தவர் சோளத்துக்கு நடுவில் நின்ற என்னைப் பார்த்தார். ஏன் பார்க்கிறார் என்று புரியாமல் நான் கையை ஆட்டினேன்.

ஒரு தீக்குச்சியால் ஓட்டையைக் குத்திவிட்டு ஓர் உதை உதைத்தார். வண்டி கிளம்பிவிட்டது. முன்னால் மூன்று மைல் சாலை காலியாகக் கிடந்தது. பின்னால் நாலு பேரும் பிளக்கும் கையுமாக வாயைப் பிளந்து பார்த்தார்கள். கோப்பை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று நான் குதித்தேன்.

மாமா என்ஜினை அணைத்தார். வண்டியை நிறுத்திவிட்டு, தீக்குச்சியோடு நடந்து போனார்.

"கம்பவுண்டரே, பிளக்க மாட்டுங்க. மூடியக் கழட்டுங்க."

மற்ற நாலு மூடியையும் அவரே குத்திவிட்டார். எப்படி அடைத்தது என்று கேட்டார்கள். "தூசி" என்றார். ஐந்தும் சேர்ந்து கிளம்பின. கம்பவுண்டர் முதல். மாமா, பழக்கத்தை விடாமல், இரண்டாவது.

என் மாமாவைப் போல ஒரு அசடு இந்தத் தாலுகாவில் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் நானே சொல்லித் திரிந்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நின்ற வண்டிகள் மறுபடி கிளம்பியதற்குச் சரஸ்வதியே காரணம் என்று நம்பி மறு வருஷமும் பக்தியோடு பொட்டு வைக்கத் தயாரானேன். வைக்கத்தான் வண்டி இல்லை. கூப்பன் பெட்ரோலில் கொட்டகையைத் தாண்டக்கூட முடியவில்லை. சிக்னல்காரருக்கு மாற்றலாயிற்று. மண்டிக்காரர் மகன் வண்டியில் கோழி முட்டையிட்டு அடைகாத்தது. சண்டை முடிந்தபோது கொட்டகையில் புளி மூட்டைதான் இருந்தது.

எனக்கு மீசை முளைத்து, பஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஒரு மெக்கானிக் சொல்லி அந்த ஓட்டையின் மகிமை தெரிந்தது. அந்த வாரமே ஊருக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை. மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, வாரா வாரம் போகிற கம்பவுண்டர் வீட்டுக்குக் கிளம்பச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மனதில் இருந்ததை எல்லாம் கொட்டி, அவரை ஒரு மகான் அளவுக்கு உயர்த்தி வைத்து, கடைசியில் கேட்டேன்.

"அன்னிக்கு நீங்க பாட்டுக்குப் போயிருந்தா கப்பு உங்களுதுதானுங்களே மாமா. ஏன் போகல?"

மாமா செருப்பில் காலை நுழைத்தார்.

"போயிருந்தா, இப்ப யாரு வூட்டுக்குடா போறது."