தேர்தல் கோடையில் வருகிறது

இந்தத் தேர்தலுக்கு வேன் எங்கள் வீட்டு வாசலில் நிற்குமா என்பதுதான் பங்குனி மாதம் முழுக்கத் தெருவில் பேச்சு. என் காதில் விழாதபடிதான் பேசினார்கள். ஆனாலும் விழுந்தது.

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. எங்கள் ஊருக்கு ஓட்டுக் கேட்டு வந்தால் முதலில் எங்கள் வாசலில்தான் இறங்குவார். முதல் ஆரத்தி நான் எடுக்க வேண்டும். அவர் முதன்முதலாகப் போட்டியிட்டபோது எனக்குக் கல்யாணமாகி சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என் வீட்டுக்காரர் ஊரில் கட்சிக் கிளைச் செயலாளர். மாமியார் அதற்கு முன்பே மாமனாரை இழந்திருந்தார். அதனால் தட்டை என் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் தலையை நிமிர்த்தவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கிய அவருடைய செருப்பைத்தான் பார்த்தேன். பொட்டு வைக்க என் கை எட்டவில்லை என்று அவரே குனிந்தார். அந்தத் தடவை ஜெயித்தார்.

அடுத்த தேர்தலின்போது நான் இரண்டாவது பிரசவத்துக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் அம்மா வீட்டில் இருந்தேன். கொழுந்தனார் மனைவி ஆரத்தி எடுத்தாள். அவர் தோற்றுப்போனார். பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் என்னைப் பார்த்து, "தங்கச்சி, நீ ஊருல இல்லாம என்னைய வீட்டுல உக்கார வெச்சுட்டியேம்மா" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதிலிருந்து தேர்தல் தேதி அறிவித்ததும் என் வீட்டுக்காரருக்குப் போன் வரும். "தங்கச்சி ஊர்லதானே இருக்கும்?"

நான் ஊரில்தான் இருந்தேன். அவர் ஜெயித்துக்கொண்டே இருந்தார். ஜீப் போய் வேன் வந்தது. அவர் உடம்பு பெருத்தது, மீசை மட்டும் கறுப்பாகவே இருந்தது. இத்தனை வருடத்தில் நான் அவரிடம் பேசியது "வாங்க" என்ற ஒரு சொல்தான். பேச வேண்டியதை எல்லாம் என் வீட்டுக்காரர் பேசிவிடுவார்.

அவர் பேசியதும் ஒரே விஷயம்தான். எங்கள் ஊர் சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பாலம் கிடையாது. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் பாடையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கித்தான் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் முட்ட ஓடும். "எனக்குன்னு ஒண்ணும் வேணாம்ணே. அந்தப் பாலத்தைப் போட்டுக் குடுங்க" என்பார். "போட்டுடலாம் தம்பி" என்று எம்.எல்.ஏ.வும் சொல்வார். பொய்யாகச் சொன்னதாக எனக்குத் தோன்றியதில்லை. ஒவ்வொரு தடவையும் வாய்க்கால் வரைக்கும் நடந்துபோய்ப் பார்ப்பார். ஆனால் ஓட்டுக் கேட்க வருவது பங்குனியிலும் சித்திரையிலும். அப்போது வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஆடுகள் படுத்திருக்கும். பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். கூட வந்தவர்கள் வேட்டியைக்கூட மடித்துக் கட்டாமல் அந்தப் பக்கம் போய்த் திரும்புவார்கள். "இதுக்கா தம்பி பாலம்? நடந்தே போயிடலாம் போலருக்கே" என்று ஒருத்தர் கேட்டாராம்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் சொன்னார். "கவர்மென்ட்டுக்காரன் எலெக்‌ஷனைக் கோடையில வைக்கிறான். நாம மழையில சாவுறோம். என்ன பண்றது?" சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

போன ஐப்பசியில் அவரே போய்விட்டார். நடவு வயலில் குனிந்தவர் எழவில்லை. அடைமழை. எம்.எல்.ஏ. மாலையோடு வந்தார், உடம்பின் மேல் கட்சிக் கொடியைப் போர்த்தினார். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பதால் அதற்குப் பிறகு நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை. கொழுந்தனார் சொல்லித்தான் தெரியும். தண்ணீர் மார்பு வரைக்கும் இருந்ததாம். பாடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்களாம். நடுவில் ஒருத்தருக்குக் கால் வழுக்கி, பாடை சாய்ந்து, கொடி தண்ணீரில் போய்விட்டதாம். எம்.எல்.ஏ.வுக்குக் காலில் சர்க்கரைப் புண், கட்டுப் போட்டிருந்தது. அவர் இந்தக் கரையிலேயே குடைக்குக் கீழே நின்றாராம். கண் கலங்கினாராம். "எம்.எல்.ஏ. இப்பத்தான் தண்ணியப் பாத்துருக்காரு அண்ணி" என்றார் கொழுந்தனார்.

அதன் பிறகு மாதங்கள் போயின. எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அழுகை வரவில்லை என்று அம்மா கவலைப்பட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னேன். உலை வைத்தால் வற்றும் வரைக்கும் அடுப்பு முன்னாலேயே நின்றேன். தை அறுவடை முடிந்து, உளுந்து எடுத்து, தேர்தல் தேதியும் வந்தது. எம்.எல்.ஏ.வுக்கே மறுபடி சீட்டுக் கொடுத்தார்கள்.

போன் இந்தத் தடவை கொழுந்தனாருக்கு வந்தது. எம்.எல்.ஏ.வின் உதவியாளர் பேசினார். கொழுந்தனார் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். நான் பக்கத்தில் இருப்பதை அந்தப் பையன் அறியமாட்டான்.

"அண்ணே, ஆரத்தி இந்த வாட்டி உங்க வீட்டுல வெச்சுக்கலாம்ணே. தப்பா எடுத்துக்காதீங்க. அய்யாவுக்கு சென்டிமென்ட் உண்டுல்ல."

"அண்ணி வீட்டுல இறங்குவாரா?"

"ஒரு வருஷம் ஆவலியேண்ணே."

கொழுந்தனார் போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனார். அவர் மனைவிதான் வந்து உட்கார்ந்தாள். "நான் எடுக்க மாட்டேன்க்கா. அன்னைக்கு நான் எடுத்துத்தான தோத்தாரு. மறுபடியும் என் தலையில வுடிஞ்சா?" என்றாள்.

"எடு" என்றேன்.

எனக்கு ஆரத்தி பெரிதாகப் படவில்லை. பாலத்தைப் பற்றிக் கேட்க இனி ஆள் இல்லை என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்தனார் கட்சியில் இல்லை. கேட்டால் நான்தான் கேட்க வேண்டும். 'அண்ணே, பாலம் என்ன ஆச்சு?' இவ்வளவுதான் வாக்கியம். பாத்திரம் தேய்க்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். முழுசாகவே வந்தது.

வேன் வந்த அன்று மேளச் சத்தம் கேட்டதும் வாசல் நிலையில் போய் நின்றேன். பக்கத்து வாசலில் கொழுந்தனார் மனைவி ஆரத்தி எடுத்தாள். பிறகு வேன் நகர்ந்து எங்கள் வாசலுக்கு வந்தது. நிற்கவில்லை. மெதுவாகப் போனது. எம்.எல்.ஏ. மேலே நின்றபடி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் படியிறங்கித் தெருவுக்கு வந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

"அண்ணே, பாலம்" என்றேன். மீதி வரவில்லை.

அவர் வேன் கூரையைத் தட்டினார். வேன் நின்றது. மைக்கை நிறுத்தச் சொன்னார். தெரு அமைதியானது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

"நான்தான் பாத்தேனேம்மா" என்றார். "இந்த வாட்டி உட மாட்டேன்."

சொல்லிவிட்டு, வேன் மேலே இருந்தபடி வாய்க்கால் பக்கம் பார்த்தார். அங்கே பையன்கள் யாரோ அவுட் என்று கத்தினார்கள். பிறகு வேன் போனது.

ஓட்டுப் போட்டேன். கை வழக்கமாகப் போகும் இடத்துக்கே போனது. கொழுந்தனார் மனைவி ஓட்டு எண்ணும் நாளில் சாப்பிடாமல் டிவி முன்னால் இருந்தாள். ஜெயித்துவிட்டார் என்றதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வைகாசியில் ஓவர்சியர் ஒருத்தர் டேப்போடு வந்தார். கொழுந்தனார் ஊரில் இல்லாததால் நான்தான் வாய்க்கால் கரைக்குப் போனேன். அகலத்தை அளந்தார். கரையில் சிவப்புப் பெயிண்டில் குறி போட்டார்.

"தண்ணி எவ்வளவு உசரம் வரும்மா?"

"மார்பு வரைக்கும்னு சொன்னாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லை."

அவர் வறண்ட மண்ணைப் பார்த்தார். "எனக்கு உசரம் தெரியணும்மா. கம்மியாப் போட்டா மழைக்கு முங்கிடும்" என்றார். நல்ல மனிதர்தான்.

நான் வாய்க்காலுக்குள் இறங்கினேன். ஆடுகள் எழுந்து விலகின. நடுவில் போய் நின்றேன். பாடை தூக்கியவர்கள் எல்லாம் என்னைவிட உயரம். அதனால் கையை என் தோளுக்குக் கொஞ்சம் மேலே, தாடையில் வைத்துக் காட்டினேன்.

"அவ்வளவா?" என்றார்.

"அவ்வளவு."

அவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, தரையிலிருந்து என் கை வரைக்கும் அளந்தார். நான் அசையாமல் நின்றேன்.

இப்போது தண்ணீர் வந்துவிட்டது. சிவப்புக் குறி முங்கிவிட்டது. தண்ணீர் வடிந்து, தை மாதம்தான் வேலை தொடங்குவார்களாம், எம்.எல்.ஏ.வே கொழுந்தனாருக்குப் போன் செய்து சொன்னார். அன்று சாயங்காலம் டீக்கடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வயதானவர்களிடம் கொழுந்தனார், "பெருசுங்க எல்லாம் கேட்டுக்கங்க. தை வரைக்கும் யாரும் போயிடக் கூடாது. ஆமா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பால் வாங்கப் போயிருந்த நானும் சிரித்தேன் என்று கூட வந்திருந்த அவர் மனைவி சொன்னாள்.