பதினோரு பக்க பில்

தையல் ஆலையில் எல்லோரும் அவரை ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி. போதாததற்கு, அங்கிருந்த இருநூறு மெஷின்களில் எது மக்கர் செய்தாலும் சட்டைப்பையிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டு ஓடிவருபவர் அவர்தான். "ஃபேனைக் கொறைங்கடி, ஊசி பறந்துடப் போறாரு" என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

மனைவிக்குக் கணையத்தில் வீக்கம் என்று தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஐந்தாம் நாளே சேமிப்பு தீர்ந்தது. அடுத்து வண்டி போயிற்று, பிறகு அவளுடைய வளையல்கள். மீதிக்கு நானே பொறுப்பு என்ற காகிதத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பதினேழாம் நாள் அவள் போய்விட்டாள்.

நான்கு மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதங்கள் வந்தன. அப்புறம் கடன் ஒரு வசூல் ஏஜென்சியின் கைக்குப் போனது. ஒரு நாளைக்கு ஏழெட்டு போன். அவர் எடுப்பதை நிறுத்தியதும் ஆலைக்கே கூப்பிட்டார்கள்.

"ஊசி! கடன்காரங்க லைன்ல இருக்காங்கப்பா!" சூப்பர்வைசர் அங்கிருந்தே கத்தினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தலையைக் குனிந்தபடி ஆபீஸுக்குள் போனார்.

"சம்சாரத்தை ஆஸ்பத்திரியில சேக்கத் தெரிஞ்சுது, பணம் கட்டத் தெரியலையா?"

"அவ இப்ப இல்லைங்க."

"அது எங்க பிரச்சினை இல்ல சார்."

மறுநாள் மனைவியின் தங்கை வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். நடந்ததைக் கேட்டுவிட்டு, "மாமா, பில்லைப் பிரிச்சுப் பாத்தீங்களா?" என்றாள்.

"எதுக்கு? அவ மேல மாட்டின ஒயருக்கெல்லாம் வெலை படிக்கவா?"

"நீங்க படிக்க வேணாம். நான் படிக்கிறேன்."

அவரிடம் இருந்தது மொத்தத் தொகை போட்ட ஒற்றைத் தாள்தான். விவரமான பில்லுக்காக ஆஸ்பத்திரியில் மூன்று முறை அலையவிட்டார்கள். நான்காம் முறை பதினோரு பக்கம் கிடைத்தது. அவள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தாள். ஒரே ஊசிமருந்துக்கு இரண்டு முறை காசு போட்டிருந்ததைக் கோடிட்டாள். ஒன்பதாம் பக்கத்தில் பென்சில் நின்றது.

"அக்கா போனது பதினாலாம் தேதிதானே?"

"ஆமாம்மா."

"பதினஞ்சுக்கும் பதினாறுக்கும் மூச்சு மெஷின் வாடகை போட்டிருக்காங்க மாமா."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பதினைந்தாம் தேதி அவர் மயானத்தில் நின்றிருந்தார். அழுகை வரவில்லை.

இறப்புச் சான்றிதழின் நகலோடு கணக்குப் பிரிவுக்குப் போனார். "டைப்பிங் மிஸ்டேக். இந்த ரெண்டு நாளை மட்டும் கழிச்சுத் தரோம்" என்றார் அதிகாரி.

"எங்க வேலையில தையல் ஒரு எடத்துல கோணினா முழுச் சட்டையையும் பிரிப்போம் சார். நீங்களும் முழுசாப் பிரிச்சுப் பாருங்க." அவ்வளவு உரக்கப் பேசியது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒன்றரை மாதம் இழுத்தடித்து, மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். மிச்சத்துக்குத் தவணை கேட்டும், ஆலைக்குப் போன் செய்யக் கூடாது என்றும் ஏஜென்சிக்குக் கடிதம் எழுதினார். சம்மதம் எழுத்தில் வந்த பிறகே முதல் தவணையைக் கட்டினார். நாலரை வருஷம் கட்டினார். ஓவர்டைம் பார்த்ததில் முதுகு கூன்போட்டது.

பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதம் வந்த அன்று மைத்துனியின் வீட்டுக்குப் போனார். அவள் படித்துவிட்டு, "அப்பாடா, ஒழிஞ்சுது மாமா" என்றாள்.

"கட்டிட்டிருந்த வரைக்கும் அவளுக்கு இன்னும் வைத்தியம் பாத்துட்டிருக்கிற மாதிரியே இருந்துச்சும்மா" என்றார் அவர். அன்றைக்குத்தான், மைத்துனி எதிரில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.