வலக்கை வீங்கிய வாரம்

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, ரவிக்கையின் வலது கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. துணி சுருங்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தையலைப் பிரித்துப் போட்டுக்கொண்டேன்.

அந்த மாதப் பரிசோதனைக்கும் நான் போயிருக்கவில்லை. டாக்டர் தேதியை மாற்றிவிட்டதாக வீட்டில் பொய் சொல்லியிருந்தேன்.

என் கணவருக்கு ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்த மளிகைக் கடை. அதிகம் பேசமாட்டார். அறுவை முடிந்து வீடு வந்தபோது என் விலாவில் ஒரு குழாய் (காயத்தில் ஊறும் நீரை வெளியேற்றுவது) தொங்கியது. அதன் குப்பியைக் காலையும் மாலையும் அவர்தான் அளந்து கொட்டினார். என்னால் கையைத் தூக்க முடியாததால் தலையும் வாரிவிட்டார். முதல் வாரம் சடை, மூட்டை கட்டும் சணல் போல இருந்தது. சிரித்தால் தையல் இழுக்கும். சிரிக்காதே என்று என்னை அதட்டிவிட்டு அவர் சிரிப்பார். கை தேறிய பிறகும் சீப்பை அவர் விடவில்லை.

தழும்பை மட்டும் அவருக்கு நான் காட்டவில்லை. கதவைத் தாழிட்டுத்தான் உடை மாற்றினேன்.

அந்தச் சனிக்கிழமை, பாதிச் சடையில் நிறுத்திவிட்டு, திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"கை வீங்கியிருக்குல்ல."

"மறுபடியும் அதுவா இருந்தா? தெரியாம இருக்கிற வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போறேனே."

"நீ தெரியாத மாதிரி இருந்துக்கலாம். நான் ஆறு நாளா அந்தக் கையைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

பயத்தை நான் ஒருத்திதான் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். மீதிச் சடையை அவர் பின்னி முடிக்க வெகுநேரமானது.

டாக்டர் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முடிவு வர இரண்டு நாள். நோய் திரும்பவில்லை. இது நிணநீர் வீக்கம் (அறுவையில் அக்குளின் நிணநீர்க் கணுக்களை எடுத்ததால், வடிய வழியில்லாத நீர் கையில் தேங்குவது). முன்பே வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்று கடிந்துகொண்டார். முழுதாகப் போகாது, அடக்கி வைக்கலாம் என்றார்.

தேங்கிய நீரை நகர்த்தும் தடவல் மார்பிலிருந்து தொடங்க வேண்டும். பயிற்சி கொடுத்த மலையாளப் பெண் திரையை இழுத்துவிட்டாள். நான் தயங்கினேன்.

"வெட்கப்படண்டா, சேச்சி. சேட்டனும் பாத்துப் படிக்கட்டும்."

இவரும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். கொக்கிகளைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வலிக்குதா?" என்றார் இவர்.

"இல்ல. அங்க மரத்துப் போச்சு."

"அப்ப நான் அழுத்திட்டா உனக்குத் தெரியாதே" என்றவர், எவ்வளவு மெதுவாகத் தடவ வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் மூன்று முறை கேட்டுக்கொண்டார்.

பரிசோதனைத் தேதியைத் தள்ளிப்போட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் மறைக்கும் பயத்தை உங்கள் வீட்டில் யாரோ ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கலாம். அவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

என் உடம்பில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு எனக்கு உணர்ச்சியில்லை. அந்த இடத்தை இப்போது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் இருபது நிமிடம் தடவிவிடுகிறார். அவர் கடை அவ்வளவு நேரம் தாமதமாகத்தான் திறக்கிறது.