பேஜாருவின் வலது கை

திண்டிவனத்தில் இன்றைக்குப் பிள்ளை குட்டியோடு இருப்பவர்கள் பலர், ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளூர் கேபிள் டிவியில் வந்த பேஜாரு என்ற கைப்பொம்மையைப் பார்த்து வளர்ந்தவர்கள். பார்த்ததோடு விட்டால் பரவாயில்லை, அதைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். குதிரை என்கிறார்கள். அது கழுதை. சாம்பல் நிறத் துணி எடுத்து வெட்டித் தைத்தவள் நான், எனக்குத் தெரியாதா? ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது அதன் ஸ்டைல் என்கிறார்கள். ஒரே அளவில் இரண்டு பெரிய பொத்தான் கடையில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதன் தும்மல் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஷூட்டிங் நடந்த அறைக்குக் கீழே மல்லாட்டை மண்டி, மூட்டை மூட்டையாக வேர்க்கடலை வந்து இறங்கும். தூசு மேலே ஏறி வரும். ஒருநாள் மேஜைக்கு அடியில் பொம்மையைப் பிடித்திருந்தவன் நிஜமாகவே தும்மிவிட்டான். நிகழ்ச்சி நடத்திய அம்சவள்ளி கொஞ்சமும் அசராமல், "என்னா பேஜாரு, ராத்திரி ஐஸ் துன்னியா?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து வாரா வாரம் தும்மல் வேண்டும் என்று பிள்ளைகள் கடிதம் போட்டார்கள். தூசு இல்லாத மழைக்காலத்தில் கேபிள் முதலாளி சுப்பராயலு கீழேயிருந்து மூக்குப்பொடி வாங்கி அனுப்புவார்.

அப்படித் தும்மியவன் என் தம்பி சவுரிராயன்.

பொம்மைக்குள் கை விட வேண்டியவர் சுப்பராயலுவின் மச்சான். ஆனால் நான் தைக்கிற நேரத்தில் அளவு கொடுக்க அவர் வரவில்லை. வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த தம்பியின் கையை நீட்டச் சொல்லி அளவெடுத்துவிட்டேன். மச்சானுக்குக் கட்டை விரலுக்கு மேல் உள்ளே போகவில்லை. சுப்பராயலு பொம்மையைப் பார்த்தார், அவரிடம் லைன் இழுக்கிற வேலையில் இருந்து, கேபிள் ஒயரோடு வாசலில் நின்ற சவுரியைப் பார்த்தார். "நீயே உக்காருடா" என்றார்.

சவுரி வெளி ஆட்களிடம் பேசமாட்டான். கடையில் சோப்பு கேட்க வெட்கப்பட்டு, முதலில் கைக்கு எட்டியதை வாங்கி வருவான். அவன்தான் மேஜைக்கு அடியில் போய்க் கையைத் தூக்கியதும் அப்படிப் பேசினான். ஆனால் கூடவே ஒரு வில்லங்கமும் வந்தது. வாய் திறந்தால் கையும் திறக்கும். வீட்டில் குழம்பு கேட்டால்கூட நாலு விரலும் கட்டை விரலும் சேர்ந்து சேர்ந்து பிரியும். வலது கையில் தண்ணீர்க் குடத்தைக் கொடுத்துவிட்டால் ஊமை. சைக்கிள் ஓட்டும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் நானே சொல்லி வைத்தேன்.

இவனுக்கு முண்டியம்பாக்கத்தில் சகாய பிரியாவைப் பேசி முடித்தோம். நிச்சயத்தன்று அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏங்க்கா, அவரு பேசவே மாட்டாரா?"

"பேசுவாம்மா. கைய மட்டும் புடிச்சிக்காத."

"கல்யாணம் பண்ணிக்கினு கைய புடிக்காம இருக்கச் சொல்றீங்களே" என்று சிரித்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாதா கோயிலில் ஒத்திகை. எங்கள் வேதக்காரர் கல்யாண மந்திரிப்பில் மாப்பிள்ளையும் பெண்ணும் வலது கையைப் பிடித்துக்கொண்டு, சம்மத வாக்கைத் தாங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பிரியா வரவில்லை. அவளுக்குப் பதில் நான் நின்று தம்பியின் கையைப் பிடித்தேன். அவன் உதடு அசைந்தது, சத்தம் இல்லை. மறுபடி சொன்னான், அதே கதை.

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்கு எனக்கும் கேக்கணும், சாட்சிக்கும் கேக்கணும்ப்பா. கேக்கலைன்னா நான் மந்திரிக்க முடியாது."

"சொல்லிடுவான் சாமி" என்றேன். வீட்டுக்கு வந்து, "ஊருப் பிள்ளைங்களுக்கெல்லாம் வாய் கிழியப் பேசற. உனக்குன்னு ஒரு வரி வரலியாடா?" என்று கேட்டேன். அவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டான். வேண்டுமென்றேதான்.

மறுநாள் கோயில் நிறைய ஆள். முன் பெஞ்சில் நான். பிரியா புதுப் பெண்ணுக்குரிய பயத்தில் அவன் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். சாமியார் வாக்கை எடுத்துக் கொடுத்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"சத்தமா" என்றார் சாமியார்.

நெற்றியில் வியர்வைதான் வந்தது. பெண் வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லையோ என்று பின்னால் யாரோ கேட்டது எனக்கே காதில் விழுந்தது. பிரியாவுக்கு விழாமலா இருக்கும்? அவள் முகம் வாடிவிட்டது. குனிந்து கையைப் பார்த்தாள். அவளுடைய பிடிக்குள் அவன் விரல்கள் திறக்கப் பார்த்து முட்டிக்கொண்டிருந்தன.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு பிடியைத் தளர்த்தி, மெதுவாகக் கீழே நகர்த்தி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

விரல்கள் விரிந்தன. "சகாய பிரியா!" என்று கடைசி பெஞ்சு வரை கேட்டது. அச்சு அசல் பேஜாருவின் கழுதைக் குரல்.

பிள்ளைகள், "டேய், பேஜாரு!" என்று எழுந்தே நின்றுவிட்டார்கள். சாமியார் கொஞ்ச நேரம் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். பிறகு, "சவுரிராயா, உன் குரல்ல சொல்லு. இல்லன்னா அந்தப் பொண்ணு யாரைக் கட்டிக்கினான்னு நாளைக்கு வழக்கு வரும்" என்றார்.

சொன்னான். சொந்தக் குரலில், முழு வாக்கையும், ஒரு சொல் விடாமல். கை பாட்டுக்கு மூடித் திறந்துகொண்டிருந்தது. பிரியா அதை விடவும் இல்லை, அமுக்கவும் இல்லை.

கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோவைப் பார்க்கிறவர்கள், மாப்பிள்ளை விரல் ஏன் அப்படி விரிந்திருக்கிறது, கையில் சுளுக்கா என்று கேட்கிறார்கள். சுளுக்கு இல்லை. படம் எடுக்கும்போது அவன் பேசிக்கொண்டிருந்தான்.