வானம் பார்த்த வாய்கள்

17 நவம்பர் 2022, வியாழக்கிழமை, காலை ஏழு பத்து. தூறல் விட்டும் விடாமலும் இருந்தது. பீடோங் ஊர்ப் பக்கத்து மலையில் இடுப்புக்கு மேல் பனி மட்டுமே தெரிந்தது.

அப்போது நான் எஸ்டேட்டில் வேலைகளை மேற்பார்க்கும் ஃபீல்டு கண்டக்டர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நான்கு பேருக்கு டெங்கி. மறுநாள் சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள்; கொசுப்புழு அகப்பட்டால் கம்பவுண்ட், அதாவது அபராதம். தேங்கிய நீரில் கழிவு எண்ணெய் ஊற்றுவது எங்கள் பழைய வழக்கம். எண்ணெய் டின்னோடு தோட்டத் தொழிலாளி முனியம்மா அக்கா வர, காட்டோர ஓடை தேங்கும் குட்டைக்குப் போனேன்.

நீரின் மேல் சிறு பூக்கள் விரிந்திருந்தன. முப்பத்திரண்டு. என் நிழல் பட்டதும் மூடிக்கொண்டு கீழே போயின. அசையாமல் நின்றேன். மீண்டும் ஒவ்வொன்றாக எழுந்து விரிந்தன. பூக்கள் அல்ல, தலைப்பிரட்டைகளின் வாய்கள். மற்றத் தலைப்பிரட்டைக்கு வாய் கீழ்நோக்கி இருக்கும். இவற்றுக்கு உதடுகள் புனல்போல் மேல்நோக்கி விரியும்; நீர்மட்டத்தில் தொங்கியபடி மிதக்கும் தூசியை உறிஞ்சும். கொம்புத் தவளையின் குஞ்சுகள். கண்ணுக்கு மேல் கூர்மடிப்போடு காய்ந்த இலைபோல் கிடக்கும் அந்தத் தவளையை முப்பத்தொரு வருடத் தோட்ட வேலையில் இருமுறைதான் கண்டிருக்கிறேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்பதை மட்டும் எண்ணவில்லை.

"கண்டக்டரையா, ஊத்தவா வேணாமா? சம்பள நாள்ல நாம நிக்கிற மாதிரியே வாயத் தொறந்துகிட்டு நிக்குதுங்க," என்றார் அக்கா.

உதவி மேனேஜர் குமரேசன் மோட்டார் சைக்கிளில் வந்து எட்டிப் பார்த்தார். கொசுப்புழுதான், ஊற்றுங்கள் என்றார். கொசுப்புழுவுக்கு வால்தான் மேலே, தலைகீழாகத் தொங்கும். இதற்கு வாய் மேலே, எண்ணெய் முதலில் அதற்குள்தான் இறங்கும் என்று வெள்ளைத் தட்டில் மொண்டு காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"சரி லா அண்ணே. ஆனா நாளைக்கு இதுல ஒரு புழு கெடைச்சாலும் கம்பவுண்ட் உங்க பேர்ல."

ஒப்புக்கொண்டேன். சோதனைக்கு முந்தின மாலை லயத்தில் எல்லோரும் வீட்டைச் சுற்றி டின், சிரட்டை கவிழ்ப்பார்கள். நான் வீட்டுக்குப் போகவில்லை. குட்டையோரம் குந்தி, தட்டுத் தட்டாக மொண்டு பார்த்தேன். மழை வலுத்தது. துளி விழுந்த இடத்தில் வாய் மறையும். பக்கத்தில் இன்னொன்று திறக்கும். நீரே மூச்சு விடுவதுபோல் இருந்தது. சருகுக்குள்ளிருந்து ஒரே ஒரு கனத்த தவளைக் குரல் வந்தது. கொசுப்புழு ஒன்றுகூட இல்லை.

மறுநாள் அதிகாரி குட்டையில் டார்ச் அடித்தார். வேலையை மறந்து அவரும் கொஞ்சம் நின்றார். குட்டையில் குற்றமில்லை என்று எழுதிக்கொண்டு நாங்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் பக்கம் போனார். என் வீட்டுப் பின்புறம், மனைவியின் ஆர்க்கிட் தொட்டியின் அடித்தட்டில் ஆறு கொசுப்புழுக்கள்.

"உங்க வீட்டுலயா அண்ணே?" என்றார் குமரேசன். சிரிப்பை அடக்கினார் என்றுதான் நினைக்கிறேன்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: எதையும் ஊற்றுமுன் குனிந்து பாருங்கள். அப்புறம் வீட்டுக்குப் போய் அங்கேயும் குனியுங்கள்.

கம்பவுண்ட் ஐந்நூறு ரிங்கிட். கட்டப் போய்வரப் பெட்ரோல் ஆறு ரிங்கிட். ஆக, ஐந்நூற்று ஆறு.