அசையாமல் படுத்த ஹோய்-கெய்

ஹாங்காங்கின் ஷா டின்னில் எங்களுக்கு எதிர் வீட்டில் இருந்தவள் ஃபூங் சௌ-லான். நூடுல்ஸ் கடையில் பாத்திரம் கழுவினாள். கணவன் விட்டுப் போன பிறகு அவளுக்கென்று இருந்தது மகள் ஹோய்-கெய் மட்டும்தான்.

அப்போது எட்டு வயதுப் பெண். ஓயாமல் கதை பேசுவாள். சீன எழுத்தைக் காட்டினால் ஊமையாகிவிடுவாள். திரும்பத் திரும்ப எழுதிப் பழகிய எழுத்துகூட மறுநாள் சொல்வதெழுதலில் பாதிக் கோடுகளோடு நிற்கும். சோம்பேறி என்றார் ஆசிரியை. சௌ-லானும் பிரம்பெடுத்தாள். அது டிஸ்லெக்சியா, எழுதப் படிக்கத் தடுமாறவைக்கும் பிறவிக் குறைபாடு, என்று தெரிந்த அன்று பிரம்பை முறித்துப் போட்டுவிட்டு என் வீட்டு வாசலில் நின்று அழுதாள்.

இத்தகைய பிள்ளைகள் படிக்கும்போது மூளை எப்படி வேலை செய்கிறது என்று பல்கலைக்கழகத்தில் ஸ்கேன் எடுத்து ஆராய்ந்தார்கள். மகளைக் கூட்டிப்போனாள் சௌ-லான். துணைக்கு நானும் போனேன். குழாய் போன்ற அந்த இயந்திரத்தைக் கண்டதும் குழந்தை மிரண்டாள்.

"பிடிக்கலன்னா விட்டுடலாம்க்கா" என்றார் ஆய்வாளர் யிப்.

சௌ-லான் மகளின் காதில் ஏதோ சொன்னாள். ஹோய்-கெய் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்தாள். இயந்திரம் இடியாய் இடிக்க, தலைக்கு மேல் கண்ணாடியில் தெரிந்த எழுத்துகளைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினாள்.

முடிந்ததும் மூளைப் படம் ஒன்றைக் கொடுத்தார்கள்.

"இதுல எந்த இடம் கெட்டிருக்கு?" என்று கேட்டாள் சௌ-லான்.

"எதுவும் கெடலக்கா. ஒரு பிள்ளை படத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நிறையப் பேரோடத சேர்த்துப் பார்த்தாத்தான், படிக்கிறப்போ எந்த இடம் கம்மியா வேலை செய்யுதுன்னு புரியும்."

அடுத்த வாரம் நான் அங்கே இருந்தபோது ஹோய்-கெய் பள்ளியிலிருந்து வந்து சொல்வதெழுதல் தாளை மேசையில் வைத்தாள். தாள் முழுக்கச் சிவப்பு மை.

"அம்மா, அந்த மெஷின்ல படுத்திருந்தப்போ நடுவுல மூக்க சொறிஞ்சுட்டேன். அதான் சரியாகல. இன்னொரு வாட்டி கூட்டிட்டுப் போ. மூச்சுகூட விட மாட்டேன்."

அன்று சௌ-லான் அவள் காதில் என்ன சொன்னாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சௌ-லான் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அது சரி பண்ற மெஷின் இல்லடி தங்கம். உள்ள பார்க்கிற மெஷின். நீ பயப்படாம படுக்கணும்னுதான், அசையாம இருந்தா எல்லாம் சரியாயிடும்னு அம்மா பொய் சொல்லிட்டேன்."

"அப்போ எப்போ சரியாகும்?"

சௌ-லான் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தனி வகுப்பில் சேர்ந்து ஹோய்-கெய் மெல்ல மெல்லப் படிக்கக் கற்றுக்கொண்டாள். இப்போது பூக்கடையில் வேலை. ஆனால் அம்மா சொல்வதை நம்புவதை அன்றோடு விட்டுவிட்டாள். சாதாரணக் காய்ச்சலுக்கு "நாளைக்கு சரியாயிடும்" என்றாலும், "டாக்டர் சொல்லட்டும்மா" என்பாள். கோபமே இருக்காது அந்தக் குரலில். அதைத்தான் சௌ-லானால் தாங்க முடியவில்லை.